பெயரை நோயாளியே வாயால் சொல்லவும்

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். கண்காணிப்பாளர் சம்பத் என்றால் எங்கள் ஆபீசில் கொஞ்சம் மரியாதை உண்டு. ஒரு காகிதத்தை நகரவிடாமல் உட்கார வைப்பதில் எனக்குத் தேர்ச்சி இருந்தது. மேலே கேட்டால் 'கீழே போயிருக்கிறது', கீழே கேட்டால் 'மேலே போயிருக்கிறது'. இதற்கு மேல் இந்தக் கலையில் கற்க ஒன்றுமில்லை என்ற நினைப்போடுதான் ஓய்வு பெற்றேன். துரித சஞ்சீவி மருத்துவ மையத்துக்குள் காலை வைத்த பிறகுதான், நான் அரிச்சுவடியையே தாண்டவில்லை என்று தெரிந்தது.

போனது எனக்காக இல்லை, என் தங்கை ஜெயஸ்ரீயின் புருஷன் தனக்கோடிக்காக. மாப்பிள்ளைக்குக் கீழ்க்கட்டளையில் சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடை. அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் பலகையும் ஜாக்கியும் அடுக்கி வைத்திருக்கிறார். மனுஷனுக்கு நல்ல குரல். கங்கையம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவது அவர்தான். மைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். அந்த நாக்கின் இடது ஓரத்தில், போயிலை அடக்குகிற பக்கமாக, ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது.

கடைக்கு எதிரே பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டர் ரோஹிணி சதையைக் கிள்ளி சோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்ததும் எங்கள் மூவரையும் உட்கார வைத்தார். "சார், கேன்சர்தான். ஆனா ரொம்ப ஆரம்பம். இப்பவே எடுத்துட்டா நாக்கு ஓரத்துல ஒரு சின்ன துண்டுதான் போகும். பேசலாம், சாப்பிடலாம், பழையபடி இருக்கலாம். தள்ளிப்போட்டா நாக்கே போயிடும், அப்புறம் கழுத்துக்கு இறங்கும். தயவுசெஞ்சு லேட் பண்ணாதீங்க."

எங்கள் குடும்பத்தில் மோட்டார் ரிப்பேருக்குக்கூட நாள் பார்ப்போம். இந்த ஒரு விஷயத்தில் யாரும் காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எதுவும் வேண்டாம், ஓடு என்றாள் ஜெயஸ்ரீ. நாங்கள் பார்க்காமல் விட்ட நாளையெல்லாம் ஆஸ்பத்திரியே சேர்த்துவைத்துப் பார்க்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

துரித சஞ்சீவி, குரோம்பேட்டையைத் தாண்டி தாம்பரம் போகிற வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இருக்கிறது. வாய்ப்புற்றுக்கு மட்டுமேயான ஆஸ்பத்திரி. உள்ளே ஹாலில் சுவர் முழுக்க ஒரு மின்சாரப் பலகை. சில பேர்களும், ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஓடுகிற ஒரு கடிகாரமும். அதன் கீழே டை கட்டிக்கொண்டு நின்றவர் ஷ்யாம்சுந்தர், தர மேலாளர்.

"ஓரல் கேன்சர்ல டைம்தான் சார் எல்லாமே," என்றார் எங்களிடம். "ஆபரேஷன் தள்ளிப்போகப் போக, பிழைக்கிற சான்ஸ் குறையும். அதனாலதான் பேஷண்ட்டுக்கு ஒரு கடிகாரம் வச்சிருக்கோம். மெடிக்கல் போர்டுல கையெழுத்து விழுந்த நிமிஷம் ஓட ஆரம்பிக்கும், தியேட்டர் கதவு திறந்ததும் நிக்கும். எங்க ஆவரேஜ் ஒரு வாரம்கூடக் கிடையாது. இதுக்காக ஷீல்டு வாங்கியிருக்கோம்."

மாப்பிள்ளை பலகையை மேலிருந்து கீழ்வரை தேடினார். "என் பேரு காணமே சார்?"

"நீங்க இன்னும் பேஷண்ட் ஆகலையே சார். கையெழுத்து விழற வரைக்கும் எங்க கணக்குல நீங்க விசிட்டர்."

ஷீல்டுக்குப் பக்கத்தில் இன்னொரு அறிவிப்பு தொங்கியது. 'அழைத்ததும் பெயரை நோயாளியே வாயால் சொல்லவும். உடன் வந்தோர் சொன்னால் செல்லாது. கை தூக்கினால் செல்லாது.' ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மூக்கில் குழாய், தாடையைச் சுற்றிக் கட்டு. மைக்கில் பேர் கூப்பிடுகிற பெண்ணிடம் விவரம் கேட்டேன். பேர் ஸஹானா, மரியாதையான பெண்.

"முன்ன ஒரு தடவை ஆள்மாறாட்டம் ஆயிடுச்சு அங்கிள். பேஷண்ட்டோட தம்பி உள்ள போய் செக்கப் பண்ணிக்கிட்டு வந்துட்டார். அதிலேர்ந்து இந்த ரூல்."

"வாயே போனவங்க எப்படிம்மா பேர் சொல்லுவாங்க?"

"அதுக்கு எக்ஸெம்ப்ஷன் இருக்கு அங்கிள். பேஷண்ட் நேர்ல வந்து வாயால கேட்டுக்கணும்."

அடேயப்பா என்று இருந்தது. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை மனதுக்குள் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

போர்டு செவ்வாய்க்கிழமை கூடியது. "தனக்கோடி" என்று ஸஹானா கூப்பிட்டதும், மாப்பிள்ளை "தனக்கோடி" என்று போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்த்தது. உள்ளே ஐந்து டாக்டர்கள், நடுவில் ஒரு தட்டு மிக்சர். தலைவர் டாக்டர் வைத்தீஸ்வரன் நெற்றியில் விபூதியோடு டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார்.

"பியூட்டிஃபுல். இவ்வளவு எர்லியா ஒரு பேஷண்ட் வந்து எத்தனை காலமாச்சு. உடனே ஆபரேட் பண்ணணும். ஒருநாள்கூட வெயிட் பண்ணக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கறீங்களா?"

ஐந்து பேரும் கை தூக்கினார்கள். டாக்டர்கள் கை தூக்கினால் செல்லும். வைத்தீஸ்வரன் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், மூடியைப் போட்டு மறுபடியும் பையில் செருகினார்.

"இன்னிக்குச் செவ்வாய். கத்தி வைக்கிற பேப்பர்ல செவ்வாய்க்கிழமை முதல் கையெழுத்துப் போடறது இல்லை. தப்பா நினைக்காதீங்க, எனக்குத் தனிப்பட்ட முறையில இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. நான் சயின்ஸ் ஆளு. பேஷண்ட்ஸோட சென்டிமென்ட்டுக்கு ரெஸ்பெக்ட் பண்றோம், அவ்வளவுதான்."

"எனக்கு ஒரு சென்டிமென்ட்டும் இல்ல சார்," என்றார் மாப்பிள்ளை. "நீங்க போடுங்க."

"இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எங்களைத்தானே சொல்லுவீங்க?"

நான் குறுக்கிட்டேன். "அப்ப நாளைக்குப் புதன்கிழமை போட்டுடுங்க டாக்டர்."

"நாளைக்குப் போர்டு இல்லையே. போர்டு இல்லாம நான் தனியா கையெழுத்துப் போட்டா செல்லாது. போர்டு செவ்வாய்க்கிழமைதான்."

"ஏன் செவ்வாய்க்கிழமை வச்சீங்க?"

இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமைதான் எந்தப் பேஷண்ட்டும் ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டான். எங்க அஞ்சு பேருக்கும் அன்னிக்குத்தான் ஃப்ரீ."

செவ்வாயோ வெறுவாயோ என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார் மாப்பிள்ளை. "இன்னா மச்சான் இது? புண்ணு கீது, கத்தி கீது, டாக்டரும் கீறாரு. எல்லாம் ஒரே வூட்ல கீது. அப்பறம் இன்னாத்துக்கு நான் வெளிய குந்திகினு கீறேன்?" என்று கேட்டார்.

இப்படியானால் சுவரில் இருக்கிற பேர்கள் எப்படி ஏறின என்று விசாரித்தேன். ஏதாவது செவ்வாய்க்கிழமை அரசு விடுமுறை வந்தால் போர்டு புதனுக்குத் தள்ளிப்போகுமாம். அன்றைக்குக் கையெழுத்து மழை மாதிரி கொட்டுமாம். அதனால்தான் அந்த ஹாலில் எல்லோர் மடியிலும் ஒரு காலண்டர். மிலாது நபி எப்போது, மொஹரம் எப்போது என்று விபூதிக்காரர்களும் சிலுவை போட்டவர்களும் ஆவலாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத நல்லிணக்கத்தை நான் இவ்வளவு நேரில் பார்த்ததில்லை.

அடுத்தடுத்த செவ்வாய்களிலும் போனோம். ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்தார்கள், ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள், மிக்சர் சாப்பிட்டார்கள். ஒரு செவ்வாய் ஸ்கேன் பழசாகிவிட்டது, புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தோம். புண் பெரிசாகியிருந்தது. "இது வேற ஸ்டேஜ். முன்ன எடுத்த முடிவு இதுக்குப் பொருந்தாது, ஃப்ரெஷ்ஷா டிஸ்கஸ் பண்ணணும்," என்றார் வைத்தீஸ்வரன். அவருடைய பேர் செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் செய்கிற ஊர்ச் சாமியின் பேர் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிந்தது.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். காப்பீட்டு அனுமதி துரித சஞ்சீவி பேரில் வாங்கியாகிவிட்டது. அதை ரத்து செய்தால்தான் வேறு இடத்துக்கு வாங்க முடியும். ரத்து செய்ய டிஸ்சார்ஜ் காகிதம் வேண்டும்.

"அட்மிட்டே ஆகாதவரை எப்படி சார் டிஸ்சார்ஜ் பண்றது?" என்றார் ஷ்யாம்சுந்தர், நிஜமான வருத்தத்தோடு. "வேணும்னா போர்டுல வச்சு ஸ்பெஷலா முடிவு பண்ணலாம். செவ்வாய்க்கிழமை வாங்க."

ஜெயஸ்ரீ அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "இவருக்கு இப்பவே சோறு முழுங்க முடியலைங்க. தயிர்சாதத்தைக் கரைச்சு ஊத்தறேன். கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

"கவலையே படாதீங்க மேடம். எங்ககிட்ட தாமதத்தால இறந்தவங்க ஒருத்தர்கூடக் கிடையாது. கடிகாரம் ஓட ஆரம்பிச்ச எந்தப் பேஷண்ட்டையும் நாங்க விட்டதில்லை." கடிகாரம் ஓட ஆரம்பிக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் விசிட்டர்கள், ஆஸ்பத்திரிக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நான் அந்தத் தொழில் செய்தவன், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடுமுறை வந்தது. புதன்கிழமை விடியும் முன்பே ஹால் நிரம்பிவிட்டது. ஒரு கிழவர் வண்டலூரிலிருந்து கொண்டுவந்த லட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார், கையெழுத்து விழுந்ததும் எல்லோருக்கும் கொடுக்க. பத்து மணிக்கு ஸஹானா மைக்கில் சொன்னாள், ஐந்து டாக்டர்களும் கோவா மாநாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று. மாநாட்டின் தலைப்பு 'அறுவை சிகிச்சையில் தாமதம்: தவிர்க்கும் வழிகள்'. நம் வைத்தீஸ்வரன்தான் தலைமை உரை. லட்டை யாரும் சாப்பிடவில்லை. சாப்பிடுகிற நிலையிலும் யாரும் இல்லை.

மாநாட்டிலிருந்து வந்த கையோடு 'காலத்தே சிகிச்சை' விழிப்புணர்வு வாரம் கொண்டாடினார்கள். அதற்கு ஆரம்பத்திலேயே வந்த நோயாளி ஒருவர் வேண்டியிருந்தது. ஆள் அனுப்பி மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். போனால் கையெழுத்து சீக்கிரம் விழும் என்று போனார், பாவம். 'இன்றே வெட்டு, நன்றே வாழ்' என்று அச்சடித்த மஞ்சள் பனியனை மாட்டி, குரோம்பேட்டையிலிருந்து சானடோரியம் வரை வெயிலில் நடக்கவிட்டு, மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளைக்கு அப்போதே நாக்கு கனத்திருந்தது. ஆனாலும் ஏலம் விட்ட தொண்டை. "டாக்டர் சார்," என்றார், மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த வைத்தீஸ்வரனைப் பார்த்து. "என்னிக்கு சார் வெட்டுவீங்க? ஒரு தரம் கேட்டேன், ரெண்டு தரம் கேட்டேன், இது மூணாந்தரம்."

கூட்டம் கைதட்டியது. வைத்தீஸ்வரன் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பார்த்தீங்களா இந்த ஆர்வத்தை? ஒவ்வொரு நோயாளியும் டாக்டரை இப்படிக் கேட்கணும். இந்தக் கேள்விதான் உயிர் காக்கும். இந்தக் கேள்வியைச் சமுதாயத்துல விதைக்கத்தான் நாங்க இருக்கோம்." மாப்பிள்ளைக்குச் சால்வை போட்டார்கள். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கி, "மச்சான், நான் மாட்டிக்கினேன்," என்றார். அதுவே பாதிதான் புரிந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. காகிதத்தை உட்கார வைக்கத் தெரிந்தவனுக்கு எழுப்பிவிடவும் தெரிய வேண்டும் அல்லவா. மறுநாள் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஷ்யாம்சுந்தரிடம் போனேன்.

"சார், ஆஸ்பத்திரிக்கு நாள் எப்ப ஆரம்பிக்கும்?"

"ராத்திரி பன்னிரண்டு மணிக்கு."

"பஞ்சாங்கத்துக்கு?"

"சூரிய உதயத்துல."

"அப்ப செவ்வாய்க்கிழமை காலைல அஞ்சு மணிக்குப் போர்டைக் கூட்டுங்க. ஆஸ்பத்திரிக்கு அது செவ்வாய், போர்டு செல்லும். பஞ்சாங்கத்துக்கு அது இன்னும் திங்கள், கையெழுத்து செல்லும்."

ஷ்யாம்சுந்தர் நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "சார், இது இன்னோவேஷன்," என்றார். உடனே இதைப் பரிசீலிக்க ஒரு கமிட்டி போட்டார். கமிட்டி செவ்வாய்க்கிழமைகளில் கூடியது. 'பிரம்ம முகூர்த்த போர்டு' என்று பேர் வைக்க ஒரு செவ்வாய், அதற்குச் சின்னம் வரைய ஒரு செவ்வாய், காலை ஐந்து மணிக்கு மிக்சரா பொங்கலா என்று தீர்மானிக்க ஒரு செவ்வாய். மாப்பிள்ளையின் கழுத்தில் இதற்குள் ஒரு கட்டி இறங்கியிருந்தது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நாங்கள் சூரியனுக்கு முந்திக்கொண்டு போனோம். இருட்டோடு ஹாலில் குத்துவிளக்கு ஏற்றி, இறைவணக்கம் பாடி, நிர்வாக அறங்காவலர் வேதாசலம் வரவேற்புரை ஆற்றினார். காலத்தின் அருமையைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஷ்யாம்சுந்தர் மொட்டை மாடியில் ஒரு ஆளை நிறுத்தி, கிழக்கே வெளுக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக ஸஹானா மைக்கை எடுத்தாள்.

"தனக்கோடி."

மாப்பிள்ளை எழுந்தார். வாயைத் திறந்தார். "அஅ... ஓஇ," என்று ஏதோ வந்தது.

"அங்கிள், தெளிவா. ரெக்கார்டுல இருக்கற பேரு மாதிரி."

"அம்மா, அவர்தாம்மா," என்றேன்.

"கூட வந்தவங்க சொல்லக் கூடாது அங்கிள். ப்ளீஸ்."

மாப்பிள்ளை மறுபடி முயன்றார். எச்சில் வழிந்தது, அதில் ரத்தம் கலந்திருந்தது. ஜெயஸ்ரீ முந்தானையால் துடைத்தாள். "லேசா வெளுக்குதாம் சார்," என்று ஷ்யாம்சுந்தர் பதறினார். உள்ளே வைத்தீஸ்வரன் பேனாவும் கையுமாக நின்றார். ஹாலில் இருந்த அத்தனை பேரும், குழாய் மாட்டியவர்களும் கட்டுப் போட்டவர்களும், மாப்பிள்ளையின் வாயையே பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார். சாரத்தில் பலகை ஏற்றுகிற மாதிரி நாக்கை முக்கித் தூக்கினார்.

"த-ன-க்-கோ-டி."

கையெழுத்து விழுந்தது. சுவரில் அவர் பேர் ஏறி, கடிகாரம் ஓட ஆரம்பித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு துரித சஞ்சீவி பேருக்கேற்ற மாதிரி பறந்தது. வியாழக்கிழமையே தியேட்டர் கதவு திறந்தது, கடிகாரம் நின்றது, ஆஸ்பத்திரியின் பழைய சாதனை முறிந்தது. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு எடுப்பதாக இருந்த இடத்தில் நாக்கு முழுவதையும் எடுத்தார்கள், கூடவே தாடையில் கொஞ்சம், கழுத்தில் நிறைய. தொடைச் சதையை வெட்டி வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். "ஆபரேஷன் கிராண்ட் சக்ஸஸ்," என்றார் வைத்தீஸ்வரன். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

பிரம்ம முகூர்த்த போர்டுக்கு விருது கிடைத்தது. பல்லாவரம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் படத்தோடு பெரிய பேனர் வைத்தார்கள். பழைய படம், மஞ்சள் பனியனில் மைக்கோடு நிற்பது. 'காலத்தோடு வந்தேன், நலமாக இருக்கிறேன் - தனக்கோடி, கீழ்க்கட்டளை' என்று அவர் சொன்னதாகப் போட்டிருந்தது. அந்த வருஷம் ஆடித் திருவிழாவில் ஏலத்தை வேறு ஆள் மைக் வைத்து விட்டான். மாப்பிள்ளை கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். எலுமிச்சம்பழம் சொற்பத்துக்குப் போனது என்று கேள்வி.

நோய் திரும்புகிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை வர வேண்டும், தவறினால் ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மறுபரிசோதனையும் செவ்வாய்க்கிழமைதான். தையலுக்குக் கீழே ஏதோ உருளுகிறது என்று மாப்பிள்ளை என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினார். பட்டாணி அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அன்றைக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். ஹாலில் நாற்காலி கிடைக்காமல் பலர் சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் ஆபரேஷன் முடிந்தவர்கள்.

"தனக்கோடி," என்றாள் ஸஹானா.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். கையைத் தூக்கினார். மார்பில் தட்டிக் காட்டினார்.

"தனக்கோடி. இரண்டாவது முறை."

"இதோ நிக்கிறாரும்மா, உங்க கண்ணு முன்னாடி. உங்க பேனர்ல இருக்கறவர்ம்மா இவரு," என்றேன்.

"தெரியும் அங்கிள்," என்று மெதுவாகச் சொன்னாள், மைக்கை மூடிக்கொண்டு. "அவர் சொல்லணும் அங்கிள்." பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்தாள். "தனக்கோடி, வரவில்லை. சிவகுமார்."

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து கையைத் தூக்கினார்.

"சிவகுமார், வரவில்லை. ஏசுதாசன்."

சுவரோரத்தில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொரு பேர், இன்னொரு கை. பட்டியல் வேகமாகத் தீர்ந்தது. அறைக்குள்ளிருந்து வைத்தீஸ்வரன் வெளியே வந்து வாசலில் நின்றார். ஹால் முழுக்க ஆட்கள் எழுந்து நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

"இன்னிக்கும் யாரும் வரலையா?" என்று கேட்டார். ஸஹானா தலையசைத்தாள். அவருக்கு முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற ஷ்யாம்சுந்தரிடம், "குணமாயிட்டா யாருய்யா திரும்பி வருவான்? இதையும் கணக்குல சேர்த்துக்கோ," என்று சொல்லிவிட்டு மிக்சர் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

மாப்பிள்ளை கையை இறக்கவில்லை. ஜெயஸ்ரீ அவர் பக்கத்தில் எழுந்து நின்றாள். அடுத்த செவ்வாய் எப்போது என்று நான் காலண்டரைப் பார்த்தேன்.